என்ன கேஸ் என்று முதலில் சொல்லுங்கள் அத்தை

வெள்ளிக்கிழமை

செல்வி அத்தை: எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் நல்ல இமிக்ரேஷன் லாயர் யாராவது தெரிந்தால் நம்பர் அனுப்புங்கள். கொஞ்சம் அவசரம்.

முரளி: எங்கள் கம்பெனி லாயர் நம்பர் தருகிறேன் அத்தை. என் எச்-1பி வேலை விசா, கம்பெனி வழி கிரீன் கார்டுக்கான பெர்ம், ஐ-140 எல்லாம் அவர்தான் பார்த்தார். கூடுதல் விவரம் கேட்டு ஒரு கடிதம்கூட வராமல் அப்ரூவ் ஆனது.

தீபா: என் தோழிக்குக் கல்யாண கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தவர் இருக்கிறார். பொறுமையானவர், போன் செய்தால் எடுப்பார்.

ராஜன் மாமா: லாயர் எதற்கு? எனக்குத் தெரிந்த ஒருவர் ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கிறார். லாயர் கேட்பதில் பாதிகூட ஆகாது. பல வருடமாக இதே வேலைதான் அவருக்கு.

கவிதா: அத்தை, ஒரு நிமிஷம். யாரையும் இப்போதே கூப்பிட வேண்டாம். நல்ல லாயர் யார் என்று தேடுவதற்கு முன்னால் என்ன கேஸ் என்று தெரிய வேண்டும். முரளி அண்ணா சொல்பவரும் தீபா சொல்பவரும் அவரவர் வேலையில் கெட்டிக்காரர்களாகவே இருக்கலாம், ஆனால் நம் கேஸ் அந்த வேலையில் வருகிறதா என்பதுதான் கேள்வி.

செல்வி அத்தை: மாப்பிள்ளையின் தம்பி விஷயம் கண்ணு. படிப்பு முடிந்து ஓபிடியில், அதாவது மாணவர் விசாவிலேயே கொஞ்ச காலம் வேலை பார்க்கக் கொடுக்கும் அனுமதியில், வேலை பார்க்கிறான். கம்பெனியில் எச்-1பி போடப் போகிறார்கள். போன மாதம் ஒரு கடையில் செல்ஃப் செக்அவுட்டில் சில சாமான்களை ஸ்கேன் செய்யாமல் பையில் போட்டுக்கொண்டான் என்று பிடித்துவிட்டார்கள், போலீஸ் வந்து கேஸ் ஆகிவிட்டது. அடுத்த வாரம் கோர்ட். அங்கே அவனுக்காக வரும் கிரிமினல் லாயர், குற்றத்தை ஒப்புக்கொள், கொஞ்ச நாள் சமூக சேவை செய், அப்புறம் கேஸைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்கிறாராம். இதோ கோர்ட் பேப்பர்.

செல்வி அத்தை: (படம்)

கவிதா: அத்தை, அந்தப் படத்தை உடனே அழியுங்கள். எல்லோருக்கும் அழிப்பது என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவன் பெயர், பிறந்த தேதி, கேஸ் நம்பர் எல்லாம் தெரிகிறது. லாயரிடம் தனியாகப் பேசினால் அந்தப் பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, நாம் குழுவில் எழுதுவதற்குக் கிடையாது. என்ன எடுத்தான், ஏன் எடுத்தான் என்பதையும் இங்கே யாரும் கேட்க வேண்டாம்.

செல்வி அத்தை: அழித்துவிட்டேன். பயமாக இருக்கிறது கவி.

கவிதா: புரிகிறது அத்தை. நான் லாயர் இல்லை, லாயர் ஆபீசில் பேரலீகல், அதாவது லாயருக்கு உதவியாளர், அதனால் கேஸ் எப்படி முடியும் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் ஒன்றை மட்டும் இன்றைக்கே அவனிடம் சொல்லுங்கள். அந்த ஒப்பந்தத்தை ஒரு இமிக்ரேஷன் லாயர் வரி விடாமல் படித்துப் பார்க்கும் வரை அவன் எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

முரளி: கேஸே தள்ளுபடி ஆகிவிடும் என்கிறார்களே, அப்புறம் என்ன கவிதா?

கவிதா: மாநில கோர்ட்டுக்குத்தான் அது தள்ளுபடி அண்ணா. கன்விக்ஷன், அதாவது குற்றத் தீர்ப்பு, என்றால் என்ன என்பதற்கு இமிக்ரேஷன் சட்டம் தனியாக விளக்கம் வைத்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன்மேல் நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்துவிட்டால் போதும், பிற்பாடு மாநில கோர்ட் கேஸை மூடி ரெகார்டை அழித்தாலும்கூட ஃபெடரல், அதாவது மத்திய அரசின், கணக்கில் அது கன்விக்ஷனாகவே நிற்கலாம். சமூக சேவை செய்யச் சொல்வதும் அதில் வரும். கடையில் திருடியது என்பது பெரும்பாலும் ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் போய் விழுகிறது. நாட்டுக்குள் அனுமதித்த ஐந்து வருடத்துக்குள் அந்த வகைக் குற்றம் ஒன்றைச் செய்து கன்விக்ஷன் ஆகி, அந்தக் குற்றத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தால், அதை வைத்தே நாடு கடத்தும் வழக்குப் போட முடியும். நீதிபதி எத்தனை நாள் விதித்தார் என்பதை அங்கே பார்ப்பதில்லை, எத்தனை நாள் வரை விதிக்கலாம் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

கவிதா: அதனால்தான் கலிஃபோர்னியா 2015இலும் நியூயார்க் 2019இலும் சிறு குற்றங்களுக்கான உச்சபட்ச சிறையை ஒரு வருடம் என்பதிலிருந்து 364 நாளாக மாற்றின. ஒரே ஒரு நாள் குறைத்தார்கள். ஒரு குடும்பம் அங்கேயே இருப்பதா மூட்டை கட்டுவதா என்பதை அந்த ஒரு நாள் தீர்மானித்துவிடும். அந்த வித்தியாசத்தை அன்றாடம் பார்த்துப் பழகியவர்தான் இந்தப் பையனுக்கு வேண்டும்.

முரளி: இது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அப்படியானால் எங்கள் லாயர் சரிப்பட மாட்டாரா?

கவிதா: அவர் திறமையானவர்தான் அண்ணா. ஆனால் எச்-1பி, பெர்ம் மட்டுமே பார்க்கும் ஆபீசுகளில் இமிக்ரேஷன் கோர்ட் படியையே ஏறாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது சம்பள நிலை, வேலை விவரம், விளம்பரம், கம்பெனிக் கடிதம். அது பெரிய வேலை, இல்லை என்று சொல்லவில்லை. குற்றப் பிரிவைச் சட்டப் புத்தகத்தில் எடுத்து வைத்துக்கொண்டு இமிக்ரேஷன் கண்ணால் வரிவரியாகப் படிப்பது வேறு வேலை.

கவிதா: இன்னொரு விஷயம், இது ரொம்ப முக்கியம். கம்பெனி லாயர் பெரும்பாலும் கம்பெனிக்கும் ஊழியருக்கும் சேர்த்தே லாயராக இருப்பார். இந்தப் பையன் போய் அவன் கம்பெனி லாயரிடம் விஷயத்தைக் கொட்டினால், அதைக் கம்பெனியிடம் மறைத்து வைக்க அவரால் முடியாமல் போகலாம். அதனால் முதலில் அவனுக்கென்று மட்டும் ஒரு லாயர். கம்பெனியிடம் எதை, எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவர் சொல்லட்டும். மறைத்துவிடலாம் என்று மட்டும் யாரும் யோசனை சொல்லிவிடாதீர்கள். விசா ஃபார்மிலும் கிரீன் கார்டு ஃபார்மிலும் எப்போதாவது கைதானதுண்டா என்று நேராகவே கேட்கிறார்கள், கைரேகையில் எல்லாம் வந்துவிடும். பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றச்சாட்டு.

செல்வி அத்தை: கிரிமினல் லாயரிடம் இமிக்ரேஷன் பற்றிக் கேட்டானாம். அது என் வேலை இல்லை என்றாராம்.

கவிதா: அப்படி ஒதுங்க முடியாது அத்தை. படில்லா எதிர் கென்டக்கி என்று ஒரு வழக்கு, 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தும் ஆபத்து உண்டா என்று தன் கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் லாயரின் கடமை. அவரே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை, இமிக்ரேஷன் லாயரோடு போனில் பேசினால் போதும். அடுத்த வாரம் வாய்தா வாங்கச் சொல்லுங்கள், இமிக்ரேஷன் ஆலோசனைக்காக என்று காரணம் சொன்னால் பல நீதிபதிகள் ஒத்துக்கொள்வார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஒரு திட்டத்தில் சேர்ந்து கேஸை முடித்துக்கொள்ளும் வழி சில இடங்களில் இருக்கிறது, குற்றப் பிரிவை மாற்றிக் கேட்கவும் வழி இருக்கலாம். இரண்டு லாயரும் பேசிக்கொண்டால்தான் அதெல்லாம் நடக்கும்.

தீபா: கவிதா அக்கா, நடுவில் என் சந்தேகம். எனக்குக் கல்யாணத்தால் கிடைத்த இரண்டு வருட கிரீன் கார்டுதான் இருக்கிறது. என் தோழியின் லாயர் எனக்குச் சரியாக வருவாரா?

கவிதா: உனக்குச் சரியாக வருவார் தீபா. நீயும் உன் கணவரும் சேர்ந்து, அந்த இரண்டு வருட நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 ஃபார்ம் போடப் போகிறீர்கள், கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் போட வேண்டும், கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறாய். இதே கேஸ் விவாகரத்து ஆனவருடையது என்றாலோ, வீட்டில் அடி உதை வாங்கியவருடையது என்றாலோ, அந்த மாதிரி விலக்கு மனுக்கள் போட்டுப் பழகியவரைத் தேடச் சொல்லியிருப்பேன். கேஸ் ஒரே ஃபார்மில் இருந்தாலும் ஆள் வேறு.

ராஜன் மாமா: நான் சொன்னவரைப் பற்றி யாருமே பேசவில்லை. நல்ல மனிதர் அம்மா. எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறார்.

கவிதா: மாமா, அவர் மனது நல்லதாகவே இருக்கட்டும். ஒன்று கேட்கிறேன், நிரப்பிக் கொடுக்கும் ஃபார்மில் தயாரித்தவர் என்று அவர் கையெழுத்துப் போடுகிறாரா?

ராஜன் மாமா: இல்லை. தன் பெயர் எங்கும் வரக் கூடாது என்பார்.

கவிதா: அதுதான் மாமா பிரச்சினை. காசு வாங்கிக்கொண்டு ஃபார்ம் தயாரிப்பவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. நாம் சொல்வதை எழுதிக் கொடுக்கலாம், மொழிபெயர்க்கலாம். எந்த ஃபார்ம் போட வேண்டும், இந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுத வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தால் அது சட்ட ஆலோசனை, அதற்கு உரிமம் வேண்டும். லாயராக இருந்தால் ஜி-28 என்ற ஃபார்ம் போடுவார், நம் வக்காலத்து மாதிரி. கேஸ் கெட்டுப்போனால் அவர் பதில் சொல்ல வேண்டும், மாநில பார் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். பெயரே வராதவரை எங்கே போய்ப் பிடிப்பது?

ராஜன் மாமா: நியாயம்தான். ஆனால் காசில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அரசாங்கம் லாயர் கொடுக்காதா?

கவிதா: கிரிமினல் கோர்ட்டில் சிறைக்குப் போக வேண்டிய நிலை என்றால், வசதி இல்லாதவருக்கு அரசாங்கம் லாயர் கொடுக்கும். இமிக்ரேஷன் கோர்ட்டில் லாயர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் அரசாங்கச் செலவில் இல்லை, சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதற்குத்தான் நீதித்துறை அங்கீகரித்த சேவை அமைப்புகள் இருக்கின்றன மாமா. அங்கே லாயர் இல்லாத அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். அதிலும் பகுதி அங்கீகாரம் என்றால் மனுக்களைப் பரிசீலிக்கும் யுஎஸ்சிஐஎஸ் போன்ற அரசு அலுவலகங்களில் மட்டும், முழு அங்கீகாரம் என்றால்தான் கோர்ட்டில் நிற்க முடியும். இலவசமாகப் பார்ப்பவர்களின் பட்டியலையும் இமிக்ரேஷன் கோர்ட் நிர்வாகமே மாநில வாரியாக வெளியிடுகிறது.

அகிலா சித்தி: கனடாவிலும் இதே கதைதானா கவிதா? இங்கே கன்சல்டன்ட் என்று போர்டு போட்டவர்கள் நிறைய.

கவிதா: அங்கே கன்சல்டன்டுக்கும் உரிமம் உண்டு சித்தி, அதற்கென்று இருக்கும் ஒழுங்குமுறை அமைப்பின் (பெயரில்தான் கல்லூரி என்று இருக்கும்) பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். அகதி வாரியத்தில் வாதாட எல்லாக் கன்சல்டன்டுக்கும் அனுமதி இல்லை, அதற்குத் தனி வகை உரிமம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்வி அத்தை: சரி கண்ணு, இவனுக்கு ஆளை எங்கே தேடுவது? அந்த ஊரிலேயே இருக்க வேண்டுமா?

கவிதா: இமிக்ரேஷன் ஃபெடரல் சட்டம் என்பதால் எந்த மாநில உரிமம் வைத்திருக்கும் லாயரும் எடுக்கலாம். முரளி அண்ணா கேஸை எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம். இவன் விஷயத்தில் அந்த மாநிலத்துக் குற்றப் பிரிவுகள் அத்துப்படியானவர் தேவை, அதனால் அங்கேயே தேடச் சொல்கிறேன். ஏஐஎல்ஏ என்று இமிக்ரேஷன் லாயர்கள் சங்கம் இருக்கிறது, 1946இலிருந்து நடக்கிறது, அவர்கள் தேடல் பக்கத்தில் என்ன வகைக் கேஸ் என்று குறித்துத் தேடலாம். டெக்சஸ், கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, வட கரோலினா மாநில பார்கள் இமிக்ரேஷனுக்கென்று நிபுணர் சான்றிதழும் கொடுக்கின்றன. யார் பெயர் கிடைத்தாலும் மாநில பார் தளத்தில் உரிமம் நடப்பில் இருக்கிறதா, தண்டனை ஏதாவது உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் போன்.

கவிதா: போனில் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: மாநில கோர்ட்டில் கேஸ் நடக்கும்போதே கிரிமினல் லாயரோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம் உண்டா, சமீபத்தில் இப்படிப்பட்ட கேஸ் எடுத்தீர்களா, என் கேஸை நீங்களே பார்ப்பீர்களா ஜூனியரிடம் தள்ளுவீர்களா. கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

சனிக்கிழமை

செல்வி அத்தை: கவி, அவன் சில பேரிடம் பேசியிருக்கிறான். ஒருவர், நூற்றுக்கு நூறு ஜெயித்துத் தருகிறேன், முழுப் பணத்தையும் இன்றே அனுப்பு என்றாராம். இன்னொரு அம்மா, பேசுவதற்கே கட்டணம் என்றாராம், ஆனால் எடுத்ததும் எந்தச் சட்டப் பிரிவில் குற்றம் சாட்டியிருக்கிறார்கள், கடைசியாக எந்தத் தேதியில் நாட்டுக்குள் வந்தாய், இதற்கு முன் ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்டாராம். காசு கேட்கிறாரே என்று இவன் யோசிக்கிறான்.

கவிதா: யோசிக்கவே வேண்டாம் அத்தை, இரண்டாமவர். ஜெயிப்பேன் என்று உத்தரவாதம் கொடுப்பவரை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள், முடிவெடுப்பது அரசு அதிகாரியும் நீதிபதியும், அதற்கு எந்த லாயரும் உறுதி தர முடியாது. அந்த அம்மா கேட்ட கேள்வியெல்லாம் நான் நேற்றுச் சொன்ன ஐந்து வருடக் கணக்கும் சிறைக்கால வரம்பும்தான். அவருக்கு இந்த வேலை தெரிந்திருக்கிறது. ஆலோசனைக் கட்டணம் கொடுத்தால் தவறில்லை.

முரளி: அத்தை, அந்தக் கட்டணத்தை நான் அனுப்புகிறேன். மறுக்காதீர்கள்.

செல்வி அத்தை: நன்றாக இருப்பாய் முரளி. திங்கட்கிழமை காலைக்கு நேரம் கொடுத்திருக்கிறார். கிரிமினல் லாயரும் வாய்தா கேட்கிறேன் என்று சொல்லிவிட்டார், அந்த வழக்குப் பெயரைச் சொன்னதும் பேச்சே மாறிவிட்டதாம்.

கவிதா: ரொம்ப நல்லது. திங்கட்கிழமை போகும்போது குற்றப்பத்திரிகை, போலீஸ் ரிப்போர்ட், அரசுத் தரப்பு கொடுத்த ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால் அது, பாஸ்போர்ட், நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94, கல்லூரி கொடுத்த ஐ-20, ஓபிடி கார்டு எல்லாவற்றையும் எடுத்துப் போகட்டும். கிரிமினல் லாயரின் போன் நம்பரையும் கொடுத்துவிடட்டும். அப்புறம் டிசம்பரில் ஊருக்கு வருகிறான் என்றீர்களே, டிக்கெட் போடுவதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வெளியே போனால் திரும்பி வர முடியுமா என்று அந்த அம்மாவிடம் கேட்ட பிறகுதான் பயணம்.

செல்வி அத்தை: டிக்கெட் போட்டுவிட்டானே. ரத்து செய்ய இன்னும் நாள் இருக்கிறதா என்று இப்போதே கேட்கிறேன்.