விட்டுப்பிடிப்பு: ஃபார்முலா ஈ பந்தயத்துக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மின்கார் பந்தயச் சொற்கள் பற்றிய இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டு எழுதுகிறேன். பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர் என்று பாகங்களுக்கே நாம் பெரும்பாலும் சொல் தேடியிருக்கிறோம். அவை தெருவில் ஓடும் மின்காருக்கும் பொதுவானவை. மின்கார்களுக்கான உலகப் போட்டியான ஃபார்முலா ஈ-யில் ஓட்டுநர் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை செய்கிற, அந்தப் பந்தயத்தின் உயிராகவே இருக்கிற ஒரு செயலுக்குத்தான் இன்னும் நம்மிடம் சொல் இல்லை. வர்ணனையாளர்கள் அதை 'லிஃப்ட் அண்ட் கோஸ்ட்' என்கிறார்கள். அதற்கு 'விட்டுப்பிடிப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் செயலைச் சொல்லிவிடுகிறேன். நேர்தடத்தின் முடிவில் வளைவு வருகிறது. தகுதிச்சுற்றில் ஓட்டுபவர் என்றால் கடைசிக் கணம் வரை ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே போய், பிறகு ஓங்கி பிரேக் பிடிப்பார். பந்தயத்தில் ஃபார்முலா ஈ ஓட்டுநர் அந்த இடத்துக்கு வெகு முன்னாலேயே காலை எடுத்துவிடுகிறார். கார் ஏற்கெனவே பெற்ற வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அப்புறம்தான் பிரேக். காலை எடுக்க வேண்டிய இடத்தை ஸ்டியரிங்கில் எரியும் விளக்கோ காதுக்குள் கேட்கும் 'பீப்' ஒலியோ நினைவுபடுத்தும்.

காரணம் காற்றுத்தடை. ஒரு மீட்டர் தூரம் காற்றைக் கிழித்துப் போக ஆகும் செலவு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் செலவு நான்கு மடங்கு. நேர்தடத்தின் கடைசிப் பகுதியில்தான் கார் உச்ச வேகத்தில் இருக்கும். அங்கே மிதித்தால் மின்சாரம் கொட்டிப் போகும், மிச்சமாகும் நேரமோ மிகக் கொஞ்சம். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி ஒரு பகுதியைத் திருப்பித் தரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் போக்குவரத்தில் இழப்பு உண்டு. செலவழித்துவிட்டு மீட்பதைவிட, செலவழிக்காமல் இருப்பதே ஆதாயம்.

2024-25 பருவத்தில் வந்த ஜென்3 ஈவோ காருக்கு (மூன்றாம் தலைமுறைக் காரின் மேம்பட்ட வடிவம்) ஒரு பந்தயத்தில் அனுமதிக்கப்படும் மின்சாரம் 40 கிலோவாட் மணிக்கும் குறைவு. நம் மின்கட்டணக் கணக்கில் 40 யூனிட்டுக்குள். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டில் பாதிகூட இல்லை. இருபது கார்களாவது முட்டி மோதிக்கொண்டு ஓடும் பந்தயம் முழுவதையும் ஒவ்வொரு காரும் இந்த அனுமதியை வைத்துத்தான் முடிக்க வேண்டும்.

இனி இழையில் வந்த பரிந்துரைகள்.

> 'உயர்த்தி மிதத்தல்' என்று வைக்கலாமே.

இது ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி உட்கார வைத்தது. தமிழில் ஓட்டுகிறவர் யாரும் காலை 'உயர்த்துவதில்லை', 'எடுக்கிறார்'. கார் மிதப்பதுமில்லை.

> 'ஆற்றல் சேமிப்போட்டம்' பொருத்தம்.

பொருள் பிழையில்லை. ஆனால் அது நோக்கத்தைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. மின்சாரத்தைச் சேமிக்க வேறு வழிகளும் இருக்கின்றன. முன்னால் போகும் காரின் காற்றுமறைவில், அதாவது அது காற்றைக் கிழித்து வழிவிடும் இடத்தில், ஒட்டிக்கொண்டு போவது அதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் பொதுவான தலைப்பாக 'சேமிப்போட்டம்' இருக்கட்டும்.

> 'உருளவிடல்' எளிமையாக இருக்கிறது.

பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்த ஐயா தந்த சொல் இது, எனக்கும் பிடித்திருக்கிறது. காலை எடுத்ததற்கும் பிரேக் பிடிப்பதற்கும் இடைப்பட்ட அந்தப் பகுதிக்கு மட்டும் இதையே வைத்துக்கொள்ளலாம். முழுச் செயலுக்கும் ஒரே சொல் வேண்டும் என்பதால்தான் விட்டுப்பிடிப்பு.

அதன் இரண்டு பாதிகளும் ஓட்டுநர் பேச்சிலேயே இருப்பவை. ஆக்சிலேட்டரை விடுகிறோம். பிரேக்கைப் பிடிக்கிறோம்; 'பிரேக் போடு' என்பது போலவே 'பிரேக் பிடி' என்றும் எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். விட்டு, அப்புறம் பிடிப்பது: செயலின் வரிசையே சொல்லில் அப்படியே இருக்கிறது. அதோடு 'கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம்' என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அந்தப் பொருளும் இங்கே முழுதாகப் பொருந்துகிறது. எதிராளியை இப்போது போகவிட்டு, நமக்கு வசதியான நேரத்தில் போய்ப் பிடிப்பது. ஃபார்முலா ஈ வியூகமே இதுதான். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கும் செலவைச் சுமக்கிறார். பின்னால் இருப்பவர் சீக்கிரம் காலை எடுத்தும் இடத்தை இழப்பதில்லை. கடைசிச் சில சுற்றுகளில் கையிருப்பு யாரிடம் அதிகமோ அவர் பாய்கிறார்.

இந்த இடத்தில் இன்னொரு மடலுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

> சத்தமும் இல்லை, முதல் பாதியில் யாரும் முழு வேகத்தில் ஓட்டுவதும் இல்லை. ரசிக்கவே ஒன்றும் இல்லாத பந்தயத்துக்கு எதற்குக் கலைச்சொல்?

சத்தம் பற்றிய மனக்குறையை நான் மதிக்கிறேன். சென்னைக்கு அருகே சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் எஞ்சின் இரைச்சலோடு பந்தயம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய இழப்பு. ஆனால் சத்தம் குறைந்ததால்தான் விட்டுப்பிடிப்பைக் காதாலேயே கேட்க முடிகிறது. 2023 பிப்ரவரி 11 அன்று ஹைதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரையில் நடந்த பந்தயத்தை வேலியோரம் நின்று பார்த்தேன். கார் நெருங்கும்போது சீழ்க்கை போல ஏறிக்கொண்டே வரும் ஒலி, வளைவுக்கு முன்னால் சட்டென்று தணியும். டயர் தரையில் உரசும் சத்தமும் மேடுபள்ளத்தில் காரின் அடிப்பலகை தட்டும் சத்தமும் மட்டும் கேட்கும். பிறகு பிரேக். அந்தத் தணிவு ஒரு காரில் முன்னதாகவும் அடுத்த காரில் சற்றுத் தள்ளியும் வரும். யார் சேமிக்கிறார், யார் செலவழிக்கிறார் என்பது திரையைப் பார்க்காமலே பிடிபட்டுவிடுகிறது. அன்று ஜான் எரிக் வெர்ன் கடைசிச் சுற்றுகளில் கையிருப்பைக் காத்துக்கொண்டே நிக் கேசிடியைப் பின்னால் நிறுத்தி வென்றார்.

விட்டுப்பிடிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2019 மெக்சிகோ நகரப் பந்தயத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மகிந்திரா அணியின் பாஸ்கல் வேர்லைன் முதலிடத்தில் தொடங்கி முதலிடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றுகளில் ஆடி காரில் லூக்காஸ் டி கிராஸி அவர் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தார். இந்தப் போட்டியில் காரின் மின்சார அளவு நேரலையாகக் குழிக்கு (தடத்தோரம் அணியினர் இருக்கும் 'பிட்') வருவதில்லை. ஓட்டுநர்தான் திரையில் தெரியும் சதவீதத்தை வானொலியில் சொல்ல வேண்டும், பொறியாளர் அதை வைத்துக் கணக்குப் போட வேண்டும். டி கிராஸியை முந்தவிடாமல் தடுக்க வேர்லைன் செய்த ஒவ்வொரு செயலும் அந்தக் கணக்கில் விழுந்துகொண்டே வந்தது. கடைசிச் சுற்றின் கடைசி நேர்தடம். கோடு கண்ணுக்குத் தெரிகிறது. சில மீட்டர் இருக்கும்போது காரின் மின்சாரம் தீர்ந்தது. டி கிராஸி பக்கவாட்டில் வந்து கோட்டருகே கடந்துபோனார். வித்தியாசம் கால் நொடிக்கும் குறைவு. முழுப் பந்தயத்திலும் டி கிராஸி முன்னால் இருந்தது அந்தச் சில மீட்டர் மட்டும்தான். இதை விட்டுப்பிடித்தார் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

குறை சொல்பவர்கள் எடுத்துக்காட்டுவது 2021 ஏப்ரல் வலென்சியா. மழை, திரும்பத் திரும்ப சேஃப்டி கார் (ஆபத்தான நேரத்தில் எல்லாரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் கார்). சேஃப்டி கார் ஓடும் நேரத்துக்கு ஏற்ப எல்லாருடைய மின்சார அனுமதியையும் குறைப்பது அப்போதைய விதி. முதலிடத்தில் இருந்த அன்டோனியோ ஃபெலிக்ஸ் டா கோஸ்டா பந்தயத்துக்குக் குறித்திருந்த நேரம் முடிவதற்குச் சற்று முன்பாகக் கோட்டைத் தாண்டியதால் எல்லாரும் இன்னொரு சுற்று ஓட வேண்டியதாயிற்று. பெரும்பாலானோரிடம் அதற்கு மின்சாரம் இல்லை. கார்கள் நடை வேகத்துக்கு வந்தன, நைக் டி வ்ரீஸ் வென்றார். பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கெடுத்தது விதியின் கணக்கு. அடுத்த பருவத்திலேயே மின்சாரத்தைக் குறைப்பதை விட்டுவிட்டு, தாமதத்துக்கு ஈடாகப் பந்தய நேரத்தைக் கூட்டும் முறைக்கு வந்துவிட்டார்கள்.

2023 போர்ட்லண்ட் பந்தயம் பற்றி எனக்கே மனத்தாங்கல் உண்டு. நீண்ட நேர்தடங்கள் உள்ள தடம் என்பதால் காற்றுமறைவின் ஆதாயம் மிகப் பெரிது. முன்னால் போக ஒருவரும் விரும்பவில்லை. சைக்கிள் பந்தயக் கூட்டம் போலக் கும்பலாகப் போய், 400-க்கும் மேற்பட்ட முந்தல்கள் நடந்ததாக அமைப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். முந்தல் அவ்வளவு மலிவானால் ஒவ்வொன்றுக்கும் மதிப்புக் குறையும். விட்டுப்பிடிப்பு சுவையாக இருப்பது, விடுவதிலும் ஆபத்து இருக்கும்போதுதான். மொனாக்கோ மாதிரி குறுகிய தெருத்தடத்தில் ஓர் இடத்தை விட்டால் திரும்பப் பிடிப்பது அவ்வளவு எளிதல்ல. அங்கே எப்போது விடுவது என்பது ஓட்டுநரின் உண்மையான முடிவு. இந்த வகைப் பந்தயத்தின் சிறந்த நாட்கள் அத்தகைய தடங்களில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

சொல்லுக்கு வந்த எதிர்ப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. 'பேச்சு வழக்குத் தொடரைக் கலைச்சொல்லாக்கினால் பொருள் குழம்பும்' என்று பேராசிரியை அம்மா எழுதியிருந்தார். அதனால்தான் வினையாகப் பிரித்தெழுதும் 'விட்டுப் பிடி' என்பதை விட்டு, சேர்த்தெழுதும் பெயர்ச்சொல்லாக 'விட்டுப்பிடிப்பு' என்று வைக்கிறேன். சேர்த்து எழுதினால் பந்தயச் சொல், பிரித்து எழுதினால் பொதுவழக்கு. கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. காலை எடுக்கும் இடம் 'விடுபுள்ளி'. பிரேக் தொடங்கும் இடம் 'பிடிபுள்ளி'. இரண்டுக்கும் நடுவே 'உருள்தூரம்'. 'ஏழாம் வளைவில் அவருடைய விடுபுள்ளி பத்து மீட்டர் முன்னால் வந்துவிட்டது' என்று வர்ணனையில் தடங்கலின்றிச் சொல்ல முடிகிறதா என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன், முடிகிறது. எரிபொருளை மிச்சம் பிடிக்க ஃபார்முலா 1 ஓட்டுநர்கள் செய்வதும் இதே செயல் என்பதால் அங்கேயும் இது செல்லும்.

பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பித் தருவதை 'ரீஜென்' என்கிறார்கள்; அதற்கு 'மின்மீட்பு' போதும் என்ற முந்தைய மடலை வழிமொழிகிறேன். நகையை மீட்கிறோம், நிலத்தை மீட்கிறோம், அந்த மீட்புதான். ஜென்3 காரில் பின்சக்கரங்களுக்கு வழக்கமான பிரேக்கே கிடையாது, அங்கே வேகத்தைக் குறைப்பது முழுக்க மோட்டார்தான். பந்தயத்தில் செலவாகும் மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் மின்மீட்பில் வருவது என்று அமைப்பாளர்கள் சொல்கிறார்கள். 'மீளுருவாக்கத் தடுப்பியக்கம்' என்று நீட்டினால் கார் அடுத்த வளைவைத் தாண்டிவிடும்.

'அட்டாக் மோட்' பற்றித்தான் குழுமத்தின் யோசனை வேண்டும். ஓட்டுநர் வழக்கமான பாதையை விட்டு விலகி, வளைவின் வெளிப்புறம் குறித்திருக்கும் பகுதியின் மேல் ஓடினால் சில நிமிடங்களுக்குக் கூடுதல் திறன் கிடைக்கும். 'தாக்கு நிலை' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போர்ச் செய்தி போலக் கேட்கிறது. கூடுதல் திறனைப் பெற முதலில் நேரத்தை இழக்க வேண்டும் என்ற அந்தப் பேரம் சொல்லில் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. 'விட்டுப்பிடிப்பு' குறித்து மறுப்பு உள்ளவர்களும் இதே இழையில் எழுதுங்கள். ஒத்த கருத்து அமைந்தால் விடுபுள்ளி, பிடிபுள்ளி, உருள்தூரம், மின்மீட்பு, காற்றுமறைவு ஆகியவற்றையும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
ஓர் உறுப்பினர்