இதய ஸ்கேனுக்கு எவ்வளவு ஆகும்? நான்கு இடங்களில் நான்கு விலை சொல்கிறார்கள்

சித்தூர்ப்புழை:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இருக்கிறோம். என் தந்தைக்கு 58 வயது. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். இரண்டு மாதங்களாகத் தோப்பில் தண்ணீர் கட்டிவிட்டு மண்வெட்டியுடன் மேட்டில் ஏறும்போது நெஞ்சின் நடுவில் இறுக்கமாக இருக்கிறது என்கிறார். தென்னை மரத்தில் சாய்ந்து ஐந்து நிமிடம் நின்றால் சரியாகிவிடுகிறது. ஊர் மருத்துவர் இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, அதில் ஒன்றும் தெரியவில்லை, எதற்கும் ஒரு ஹார்ட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

நான் நான்கு இடங்களுக்குத் தொலைபேசியில் கேட்டேன். பாலக்காட்டில் ஓரிடத்தில் 1,800 ரூபாய் என்றார்கள். கோயம்புத்தூரில் ஒரு ஸ்கேன் மையத்தில் 7,500, இன்னொரு மருத்துவமனையில் 13,000 என்றார்கள். நான்காவது இடத்தில், ஒரு நாள் சேர்ந்து இருக்க வேண்டும், 18,000 ஆகும் என்றார்கள். ஒரே ஸ்கேனுக்கு இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. எங்களிடம் கேரளத்தின் நீல நிற ரேஷன் அட்டையும் காருண்ய காப்பீட்டு அட்டையும் இருக்கின்றன. அந்த அட்டை கோயம்புத்தூரில் செல்லுமா? பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவிடம் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளது. அதில் அப்பாவுக்குப் பார்க்க வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உக்கடம் பழைய ரேடியோகிராபர்:

தம்பி, கோயம்புத்தூரில் சிடி அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் ஒரே ஸ்கேனுக்கு நான்கு விலை கேட்கவில்லை, மூன்று வெவ்வேறு பரிசோதனைகளுக்கு விலை கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் எல்லாவற்றையும் 'ஹார்ட் ஸ்கேன்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தொலைபேசியில் பேசுகிற வரவேற்பாளரும் அவருக்குத் தோன்றியதைப் புரிந்துகொண்டு ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். முதலில் அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

1,800 ரூபாய் என்றது எக்கோவாகத்தான் இருக்கும். நெஞ்சில் ஜெல் தடவி, ஒலி அலையை வைத்து இதயம் எப்படிச் சுருங்குகிறது, வால்வுகள் எப்படித் திறந்து மூடுகின்றன என்று பார்ப்பது அது. கதிர்வீச்சு கிடையாது, ஊசியும் கிடையாது. எங்கள் பக்கம் 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்க்குள் அடைப்பு இருக்கிறதா என்பதை எக்கோ நேராகக் காட்டாது. எக்கோ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள் என்ற நிம்மதியில் வீட்டுக்குப் போய், பிறகு சிரமப்பட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

7,500, 13,000 என்றவை சிடி கரோனரி ஆஞ்சியோகிராம். கையில் ஊசி வழியாக அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, இதயத் துடிப்போடு ஒத்துப்போகும்படி படம் பிடிப்பது இது. இதே எந்திரத்தில் மருந்து செலுத்தாமல், குழாய்ச் சுவரில் படிந்துள்ள சுண்ணாம்பை மட்டும் அளந்து மதிப்பெண் தருவதைக் கால்சியம் ஸ்கோர் என்பார்கள். அதற்கு 2,000 முதல் 4,000 வரை ஆகும். 18,000 என்றது கை அல்லது தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோகிராம். அது ஸ்கேனே அல்ல, கேத் லேப் என்ற தனி அறையில் செய்யும் வேலை.

சிடியில் ஏன் 7,500க்கும் 13,000க்கும் இவ்வளவு இடைவெளி என்றால், பாதி எந்திரத்தால் வருகிறது, மீதி எதைச் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பதால் வருகிறது. ஒரு சுற்றில் 64 அடுக்காகப் படம் எடுக்கும் பழைய எந்திரத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 அளவுக்கு இறங்காவிட்டால் படம் கலங்கிவிடும். புதிய எந்திரங்கள் கொஞ்சம் வேகமான துடிப்பையும் தாங்கும், அதற்கேற்ப விலையும் கூடும். அயோடின் மருந்தின் விலை, சிறுநீரகம் அதைத் தாங்குமா என்று பார்க்கும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, படத்தைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவரின் கட்டணம் ஆகிய நான்கையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் அடிப்படைக் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். ஆகவே, 'எல்லாம் சேர்த்து, அறிக்கை கையில் வரும்வரை எவ்வளவு?' என்றுதான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் மையங்களில் சாதாரண சிடிக்கு 500 ரூபாய்தான் கட்டணம். அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு இதயச் சிடிக்கு வந்து நின்ற குடும்பங்களிடம் நானே பலமுறை விளக்கியிருக்கிறேன். தலைக்கு எடுக்கும் சிடி வேறு, இதயத்துக்கு எடுப்பது வேறு. எல்லா எந்திரத்திலும் இதயத்தைப் பிடிக்க முடியாது.

வேலந்தாவளம் விவசாயி:

ஐயா சொன்னது முழுக்க உண்மை. போன ஆண்டு என் மனைவிக்கு இந்தச் சிடி எடுத்தோம். பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தில் 8,000 ரூபாய் என்று தொலைபேசியில் சொன்னார்கள். தக்காளி விற்ற பணத்தில் பத்தாயிரம் எடுத்துக்கொண்டு போனேன். கடைசியில் ரசீதைப் பார்த்தால் ஸ்கேன் 8,000, ஊசி மருந்து 2,400, கிரியேட்டினின் 250, இசிஜி 300, மருத்துவர் பார்த்ததற்கு 800, கோப்புக் கட்டணம் 150 என்று மொத்தம் 11,900 ரூபாய் வந்தது. மருந்துக்குத் தனியாகப் பணம் என்று முதலில் யாரும் சொல்லவில்லை. மனைவியை உள்ளே உட்கார வைத்துவிட்டு, உக்கடம் பேருந்து நிலையத்துக்கு வந்து, காய்கறி மண்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் இரண்டாயிரம் கைமாற்று வாங்கிக்கொண்டு திரும்பப் போனேன். அன்று எனக்குப் பணம் போனது வருத்தமில்லை. எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க அவர்களால் முடியாதா என்பதே என் ஆதங்கம்.

அதைவிட வீணாய்ப் போனது முதல் நாள் பயணம். காலையில் வழக்கம்போல் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். நாடித்துடிப்பு 88 இருந்தது. மாத்திரை கொடுத்து ஒன்றரை மணி நேரம் படுக்க வைத்தும் 74க்குக் கீழே இறங்கவில்லை. இன்று வேண்டாம், நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேருக்கு இரண்டு நாள் பேருந்துச் செலவு, இரண்டு நாள் தோட்டத்து வேலை போயிற்று. காபி, தேநீர் இரண்டையும் முந்தைய நாளிலிருந்தே நிறுத்திவிடுங்கள். நாலு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று எங்களிடம் சொன்னார்கள். மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கக் குபீரென்று சூடு பரவும், சிறுநீர் வந்துவிட்டதுபோல் தோன்றும். இதை முன்னமே சொல்லியிருந்தால் அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

உக்கடம் பழைய ரேடியோகிராபர்:

அண்ணா சொன்ன காபி விஷயத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மூன்று செய்திகளை மையத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்பா சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுக்கிறார் என்றால், கிரியேட்டினின் அளவைப் பார்த்து அதை இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்துமா இருந்தால் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எல்லாருக்கும் ஒத்துவராது. முன்பு ஏதாவது ஊசி மருந்தால் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

பாலக்காடு செவிலியர்:

நான் பாலக்காட்டுப் பக்கம் அரசு மருத்துவமனையில் காப்பீட்டு உதவி மேசையிலும் சில காலம் இருந்திருக்கிறேன். அட்டை விஷயத்தைச் சொல்கிறேன்.

காருண்ய ஆரோக்ய சுரட்சா திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அது படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான திட்டம். வெளிநோயாளியாகப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு அட்டையை நீட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். இங்கேதான் மிகப் பலர் ஏமாந்து போகிறார்கள். சேர்க்கைக்கு முந்தைய மூன்று நாட்களின் பரிசோதனைகளும், வீட்டுக்குப் போன பிறகு பதினைந்து நாட்களுக்கான மருந்தும் அந்தச் சிகிச்சைக்கென்று திட்டம் தரும் மொத்தத் தொகைக்குள், அதாவது தொகுப்புக்குள், அடங்கும். அடைப்பை விரித்து ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி என்ற தொகுப்பைப் பொறுத்தவரை, அதற்கு முன் செய்யும் ஆஞ்சியோகிராமும் அந்தத் தொகைக்குள்ளேயே சேர்த்திதான். அதாவது, குழாய் விட்டுப் பார்த்து, அடைப்பு இருந்து, ஸ்டென்ட் வைத்தால் ஆஞ்சியோகிராமுக்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது.

கோயம்புத்தூரில் செல்லுமா என்று கேட்டீர்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் உங்கள் குடும்பத்தின் பெயர் இருந்தால், அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள வெளிமாநில மருத்துவமனையிலும் வழி உண்டு. மாநில அரசு தன் பங்கில் சேர்த்த குடும்பம் என்றால் அப்படி நம்பிப் போக வேண்டாம். எந்தப் பட்டியல் என்பதைத் கேரள அரசின் திசா சுகாதார உதவி எண் 1056இல் அல்லது மருத்துவமனையின் உதவி மேசையில் அட்டை எண்ணைச் சொல்லித் தெரிந்துகொண்ட பிறகே எல்லையைத் தாண்டுங்கள். அக்காவின் அட்டையில் அப்பாவுக்குப் பார்க்க முடியாது. அந்தத் திட்டம் தமிழ்நாட்டு ரேஷன் அட்டையில் பெயர் உள்ள, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கானது. உங்கள் அப்பாவின் பெயர் கேரள அட்டையில் இருக்கிறது. இரண்டிலும் பெயர் சேர்க்கலாம் என்று யாராவது தரகர் சொன்னால் கேட்காதீர்கள். பிறகு இரண்டும் முடங்கும்.

வேலந்தாவளம் அண்ணன் ஆதங்கத்துக்கு ஒரு வார்த்தை. கேரளத்தில் 2018ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனச் சட்டப்படி கட்டண விவரத்தை மக்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். நம் பக்கத்தில் பார்ப்பதாக இருந்தால் அந்தப் பலகையைக் கேட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். மேட்டில் ஏறினால் இறுக்கம், நின்றால் சரியாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதலில் ஓர் இதய மருத்துவர் அவரைப் பார்க்க வேண்டும், ஸ்கேன் மையம் அல்ல. சர்க்கரை உள்ளவருக்கு, இத்தனை தெளிவான அறிகுறியுடன், பல நேரங்களில் மருத்துவரே சிடியைத் தவிர்த்து நேராக ஆஞ்சியோகிராமுக்குப் போகச் சொல்வார். சிடியில் அடைப்பு தெரிந்தாலும் அதன் பிறகு குழாய் விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். அப்போது இரண்டு செலவு, இரண்டு முறை அயோடின் மருந்து. உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, இருபது நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்துக்கொட்டினாலோ விலை விசாரித்துக்கொண்டு இருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.

சித்தூர்ப்புழை:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் 'எக்கோ, இதய மருத்துவர் ஆலோசனை' என்றுதான் எழுதியிருக்கிறது. சிடி என்ற சொல்லே இல்லை. நான் அதைப் படிக்காமலேயே இரண்டு நாள் தொலைபேசியில் அலைந்திருக்கிறேன்.

நேற்று பாலக்காட்டில் இதய மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். ஆலோசனைக்கு 600, எக்கோவுக்கு 1,800, ஆக 2,400 ரூபாய் ஆயிற்று. நாங்கள் கேட்பதற்கு முன்னதாகவே இரண்டு தொகையையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எக்கோவில் இதயம் நன்றாகச் சுருங்குகிறது. ஆனாலும் அறிகுறியைக் கேட்டுவிட்டு, சிடிக்குப் பணம் கொடுக்க வேண்டாம், திருச்சூர் மருத்துவக் கல்லூரியில் சேர்த்து ஆஞ்சியோகிராம் பார்ப்போம் என்று கடிதம் கொடுத்தார். இரண்டு மாத்திரைகளும், வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒன்றும் தந்திருக்கிறார். அந்தச் சிறு புட்டியை அப்பா வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு தோப்புக்குப் போகப் பார்த்தார். தண்ணீர் கட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

வரும் செவ்வாய்க்கிழமை காலையில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அட்டையைத் தவிர வேறு என்ன கொண்டு போக வேண்டும் என்று பாலக்காடு அக்கா சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலக்காடு செவிலியர்:

நல்ல செய்தி, தம்பி. காருண்ய அட்டை, ரேஷன் அட்டையின் அசல், அப்பாவின் ஆதார், மருத்துவரின் கடிதம், எக்கோ அறிக்கை, பழைய இசிஜி எல்லாவற்றிலும் அசலும் இரண்டு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். நம் எல்லையோரத்தில் ஒன்றில் தமிழ் முறைப்படியும் மற்றொன்றில் மலையாள முறைப்படியும் பெயர் பதிந்திருப்பதால் மேசையில் அரை நாள் போகிறது. சேர்ந்த உடனே, வார்டுக்குப் போகும் முன்பாக அட்டையைப் பதிவு செய்யுங்கள். ஒப்புதல் படிவம் மலையாளத்தில்தான் இருக்கும். அப்பாவுக்கு வாசிக்கச் சிரமம் என்றால் ஒவ்வொரு வரியையும் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.