அமைதியான ஏரியால வாடகை வீடு, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?

வணக்கம் மக்களே, சிட்டிக்குள்ளயே ஒரு அமைதியான குடியிருப்பு ஏரியால வாடகை வீடு பாத்துருக்கோம், வண்டிச் சத்தமே இல்ல, அம்மாவுக்கு லேசான தூக்கம் அதனால எங்களுக்கு இதுதான் ரொம்ப முக்கியம். ஆனா பாத்தது பகல்ல. ராத்திரி எப்படி இருக்கும்னு பக்கத்து வீட்டுல நேரா கேட்டா தப்பா நினைப்பாங்களா? ஒட்டியே ஒரு காலி மனை வேற இருக்கு, அங்க கட்டட வேலை ஆரம்பிச்சா மாசக்கணக்குல தூசியும் சத்தமும்தான், ஓனர் அதெல்லாம் இப்போதைக்கு வராதுங்கறாரு. அக்ரிமெண்ட்ல நடுவுல காலி பண்ணா அட்வான்ஸ்ல பிடிப்போம்னு போட்டுருக்கு, பக்கத்துல கட்டட வேலை வந்தா நோட்டீஸ் குடுத்துட்டு முழு அட்வான்ஸோட கிளம்பலாம்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லலாமா, யாராவது அப்படி எழுதி வாங்கியிருக்கீங்களா? வேற எதையாச்சும் கேட்டே ஆகணும்னா அதையும் சொல்லுங்க ப்ளீஸ்.