ரிப்போர்ட் போட ஆட்களுக்குக் கூலி: எப்படிக் கணக்கிடுவது?

குடமுருட்டி:
வணக்கம். நீடாமங்கலம், வலங்கைமான் பக்கம் இயங்கும் மகளிர் குழுக் கூட்டமைப்பு சார்பில் கேட்கிறேன். சாதி சொல்லி மிரட்டும் ரீல்ஸ், பெண்களின் படத்தை ஆபாசமாக மாற்றிப் போடும் கணக்குகள், போலி வேலை விளம்பரங்கள் ஆகியவற்றைத் தேடி ரிப்போர்ட் செய்ய எட்டுப் பேரை அமர்த்தப் போகிறோம். மாதம் 40,000 ரூபாய் இருக்கிறது. ஒரு ரிப்போர்ட்டுக்கு 5 ரூபாய், பதிவு நீங்கினால் மேலும் 10 ரூபாய் என்று யோசனை. எட்டுப் பேரும் ஒரே பதிவை ரிப்போர்ட் செய்தால் சீக்கிரம் நீங்குமா? அப்பாவி யார் மீதும் புகார் போய்விடக் கூடாது.

அரசலாறு:
அக்கா, ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசாதீர்கள். சந்தேகமானதையும் தட்டிவிடுவார்கள், ஐந்து நிமிட வீடியோவை யாரும் முழுசாகப் பார்க்க மாட்டார்கள். நீங்கினால் போனஸ் என்பது இன்னும் மோசம். எளிதில் போகிற ஸ்பேமைத் தேடி ஓடுவார்கள், மிரட்டல் ரீல் அப்படியே கிடக்கும். 'மீறல் இல்லை' என்று சொன்னவருக்கும் அதே கூலி கிடைக்க வேண்டும்.

மணிக்கணக்கில் கொடுங்கள். மணிக்கு 100 ரூபாய், நாளுக்கு 2 மணி நேரம், மாதம் 20 நாள் என்றால் எட்டுப் பேருக்கு 32,000. மீதி 8,000 இறுதி முடிவு எடுக்கும் ஒருவருக்கு. ஒரு பதிவுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால் ஒருவர் நாளுக்கு 40 பார்ப்பார். அதில் 4, விடை முன்பே தெரிந்த சோதனைப் பதிவுகளாக இருக்கட்டும். மீதியில் ஒவ்வொன்றையும் மூவர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் பார்த்தால், நாளுக்கு 96 பதிவு முடியும். மூவரும் ஒத்துப்போனால் சரி, 2-1 ஆனால் இறுதி முடிவாளரிடம் போகட்டும்.

சோதனைப் பதிவுகளில் பாதி, மீறல் போலத் தெரிந்தும் மீறல் இல்லாதவையாக இருக்க வேண்டும். தனக்கு வந்த வசவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு நியாயம் கேட்பவரின் பதிவு நல்ல உதாரணம். அதையும் மீறல் என்று குறிக்கிறவருக்கு மறுபடி பயிற்சி வேண்டும்.

வெண்ணாறு:
எட்டுப் பேர் அழுத்துவதால் பயனில்லை. ரிப்போர்ட் எண்ணிக்கையை வைத்துப் பதிவை நீக்குவதில்லை என்று ஃபேஸ்புக் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது. கூடிப் பேசி மொத்தமாக ரிப்போர்ட் செய்வது விதிமீறலாகவே முடியும். 2021 டிசம்பரில் வியட்நாமில் இயங்கிய அப்படிப்பட்ட வலையை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா முடக்கியது. உங்கள் ஆட்கள் வகைப்படுத்தட்டும், ரிப்போர்ட் கூட்டமைப்பின் பெயரிலுள்ள ஒரே கணக்கிலிருந்து ஒருமுறை போகட்டும்.

அதற்கு முன் இணைப்பு, கணக்கின் பெயர், தேதி, நேரம், எந்த விதி, எந்த நொடி என எல்லாம் தாளில் ஏற வேண்டும். பதிவு நீங்கிய பிறகு ஆதாரம் கிடைக்காது. அரிவாளோடு ஆடும் ரீல் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். 'வன்முறை' என்று மட்டும் எழுதினால் திருவிழா ஆட்டம் என்று தள்ளிவிடுவார்கள். "14ஆம் நொடியில் இன்ன தெருவின் பெயர்ப்பலகையைக் காட்டி, அங்கே வருவோம் என்கிறார். அது பட்டியல் சாதியினர் வசிக்கும் தெரு" என்று எழுதினால்தான் வெளியூரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு விளங்கும். ரிப்போர்ட் பொத்தானில் இதை எழுத இடம் இல்லாவிட்டால், அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குத் தனியாக எழுதுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவர் இருந்தே ஆக வேண்டும். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். இடமும் நாளும் சொன்ன மிரட்டல் என்றால் நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே காவல் நிலையம்.

வடவாறு:
சிறார் ஆபாசம் கண்ணில் பட்டால் யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ சேமிக்கவோ குழுவில் பகிரவோ கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவு, போக்சோ சட்டம் 15ஆம் பிரிவு இரண்டும் பாயும். 2024 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை ரத்து செய்து உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இணைப்பை மட்டும் குறித்து, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுங்கள். அந்தத் தளத்தில் பெயர் சொல்லாமலும் இவ்வகைப் புகாரைக் கொடுக்கலாம்.

பெரியவர்களின் அந்தரங்கப் படம் என்றால், பாதிக்கப்பட்ட பெண்ணே 'ஸ்டாப் என்சிஐஐ' தளத்தில் பதியலாம். படம் அவர் போனை விட்டு வெளியே போகாது, அதன் ஹாஷ், அதாவது படத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும்தான் போகும். 18 வயதுக்குக் கீழ் என்றால் அதே போன்ற 'டேக் இட் டவுன்' தளம்.

பார்ப்பவர்களுக்கு வீடியோ ஒலியில்லாமல், கறுப்பு வெள்ளையில் தொடங்கட்டும். ஒரு பதிவைப் பார்க்க முடியாது என்றால் கூலி குறையாமல் விலகலாம் என்று எழுதியே கொடுங்கள்.

குடமுருட்டி:
நன்றி. இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பதிவு போட்டவன் பார்ப்பவரின் சொந்தக்காரனாகவே இருந்தால்?

அரசலாறு:
வலங்கைமான் பதிவுகளை நாகப்பட்டினத்திலோ கும்பகோணத்திலோ இருப்பவர்களிடம் மாற்றிவிடுங்கள். மூவரும் ஒரே சாதியாக அமைந்துவிடாமல் பார்ப்பது அவசியம். பழைய பகை, வாய்க்கால் தகராறு எல்லாம் ரிப்போர்ட்டாக வந்து சேரும். யார் எதைப் பார்த்தார்கள் என்ற பட்டியல் ஒருவரிடம் மட்டும் பூட்டில் இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

ஆள் எடுக்கும் அறிவிப்பில், முன்பணம் எதுவும் கேட்க மாட்டோம் என்று முதல் வரியிலேயே போடுங்கள். டெலிகிராமில் 'லைக் போட்டால் காசு' என்று சேர்த்து டெபாசிட் பிடுங்கும் மோசடி நடக்கிறது, உங்கள் அறிவிப்பும் அப்படித்தான் தெரியும். யாராவது உங்கள் பெயரில் பணம் பறித்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லி அந்த எண்ணையும் அறிவிப்பிலேயே அச்சடியுங்கள்.