தீபாவளிக்குக் காசு இல்லையா, மனம் இல்லையா? (ஒக்டோபர் 2024)

கல்லடி ரீச்சர்: நேற்று எங்கள் மட்டக்களப்புக் குழுவில் புடவைக்கடை அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "சனத்திடம் காசு இருக்கிறது, செலவழிக்க மனம்தான் இல்லை. அரச ஊழியருக்குப் பண்டிகைக்கென்றே 10,000 ரூபா கிடைக்கிறது, அதையும் பூட்டி வைக்கிறார்கள்" என்கிறார். அண்ணே, அது முற்பணம். மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். கடன் வாங்கிப் பூட்டி வைக்க எங்களுக்கு என்ன பைத்தியமா?

புடவைக்கடை: வட்டி இல்லைத்தானே தங்கச்சி? முன்பெல்லாம் அந்தக் காசு நேரே கடைக்கு வரும். இப்போது வருவதில்லை. கொழும்பு விலைச் சுட்டெண்படி செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போய்விட்டது, அதாவது போன வருடத்தைவிட விலை குறைந்திருக்கிறது. பிறகு காசு எங்கே போகிறது?

படுவான்கரையான்: வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்து நான் சொல்கிறேன். வயலுக்குப் போகிறது. தீபாவளி வருவதே பெரும்போகத்துக்கு, அதாவது மாரிமழையை நம்பிய நெல்லுக்கு, விதைக்கிற நேரத்தில். உழவுக்கூலி, விதைநெல், பசளை எல்லாம் இப்போதுதான் கொடுக்க வேண்டும். நெல் வெட்டு மாசி, பங்குனியில். அதுவரை வீட்டு நகை அடகில் கிடக்கும். 2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்தார்களே, அந்தப் போகத்தில் பட்ட கடனை இன்னும் கட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அப்புறம், பணவீக்கம் குறைந்தால் பழைய விலை திரும்பி வந்துவிடுமா? 2022 செப்டெம்பரில் 70 வீதம் வரை ஏறியது. ஏறியதில் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது. பொருளுக்குமேல் போடுகிற வற் வரி 2022இல் 8 வீதத்திலிருந்து 15 ஆனது, இந்த வருடம் தையில் 18. சம்பளமும் நெல் விலையும் அப்படியா ஏறின?

புடவைக்கடை: வயல் கதை வேறு. நான் கேட்டது 10,000. வட்டி இல்லை. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கல்லடி ரீச்சர்: முற்பணம் அண்ணே, முற்பணம்! எத்தனை தரம் எழுதுவது? இரண்டு பிள்ளைக்கும் உடுப்பு எடுத்தாலே அது முடிந்துவிடும். நான் போன வருடச் சீலையைத்தான் உடுத்தப் போகிறேன். அதைக் கஞ்சத்தனம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

களுவாஞ்சிக்குடி மச்சான்: ரீச்சர் சொல்வது சரி. கடைக்காரரிலும் பிழை இருக்கிறது. போன தீபாவளிக்கு நகரத்துக் கடையொன்றில் எடுத்த சாரம் இரண்டு தோய்ச்சலில் சாயம் போனது. மாற்றித் தரவில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரம் சாயம் போகாமல் இன்னும் கிடக்கிறது.

புடவைக்கடை: உங்களைத் தெரியும். பொங்கலுக்கும் இதே சாரக் கதைதான். சொந்த மாவட்டத்துக் கடையை விட்டு அம்பாறை மாவட்டத்துக்குப் போகிறவர் எங்கள் வியாபாரத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

களுவாஞ்சிக்குடி மச்சான்: மருதமுனை எனக்குப் பக்கம். உங்கள் கடைதான் தூரம். சாயம் போகாத சாரம் வையுங்கள், வருகிறேன்.

படுவான்கரையான்: சாரத்தை விடுங்கள். எங்கள் ஊரில் பெண்கள் கம்பனிகளிடம் எடுத்த சிறுகடனை, அதுதான் நுண்கடன், கிழமைக்குக் கிழமை கட்டுகிறார்கள். தவணை எடுக்க வருகிறவர் தீபாவளிக் கிழமை என்று விடமாட்டார். முறுக்குச் சுடக் கோதுமை மாவையே அளந்து வாங்குகிற வீட்டில் புதுச்சீலை எங்கே வரும்? வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் கடை முகப்பில் இருந்துகொண்டு வாவிக்கு இந்தப் பக்கம் நடப்பதை எழுதக்கூடாது. ஒருநாள் கொக்கட்டிச்சோலைக்கு வந்து பாருங்கள்.

புடவைக்கடை: எழுவான்கரை, படுவான்கரை என்று பிரித்துப் பேச வேண்டாம். நானும் கடனுக்குத்தான் சரக்கு இறக்கினேன். விற்காவிட்டால் என் பிள்ளைகளுக்கும் தீபாவளி இல்லை.

படுவான்கரையான்: அப்படியென்றால் காசு இல்லாத கஷ்டம் உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எங்களுக்கு மனம் இல்லை என்று எழுதினீர்களே, அதுதான் சுடுகிறது.

புடவைக்கடை: நான் விவசாயியைச் சொல்லவில்லை. அரச ஊழியரைச் சொன்னேன். 10,000 கையில் வருகிறதா, இல்லையா?

கல்லடி ரீச்சர்: வருகிறது. அடுத்த மாதச் சம்பளத்திலிருந்தே வெட்டத் தொடங்குகிறார்கள். முற்பணம்.

புடவைக்கடை: வட்டி இல்லாமல்.