ஓசோன் சிதைவின் வேக விதியில் ஆக்சிஜன் ஏன் பின்னத்தின் பகுதியில் வருகிறது?

கேள்வி (இளநிலை வேதியியல் மாணவி)

வணக்கம். ஓசோன் வெப்பத்தால் ஆக்சிஜனாகச் சிதையும் வினைக்கு (2 ஓசோன் → 3 ஆக்சிஜன்) எங்கள் பாடத்தில் கீழ்க்காணும் வினைவழிமுறை தரப்பட்டுள்ளது.

ஓசோன் ⇌ ஆக்சிஜன் + ஆக்சிஜன் அணு (முன்னோக்கு மாறிலி மா₁, பின்னோக்கு மாறிலி மா₋₁)
ஆக்சிஜன் அணு + ஓசோன் → 2 ஆக்சிஜன் (மா₂, மெதுவான படி)

மெதுவான படியே வேகத்தைத் தீர்மானிக்கும் என்பதால் வேகம் = மா₂ [அணு] [ஓசோன்] என எழுதுவது வரை புரிகிறது (சதுர அடைப்பு செறிவைக் குறிக்கிறது). விடையிலோ வேகம் = மா [ஓசோன்]² / [ஆக்சிஜன்] என்று இருக்கிறது. விளைபொருள் தன்னை உண்டாக்கும் வினையையே தடுக்கிறது என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? முன்சமநிலை முறை (முதற்படி சமநிலையில் இருப்பதாகக் கொள்வது), நிலைத்த நிலைத் தோராயம் (இடையில் உண்டாகும் அணுவின் செறிவு மாறாதிருப்பதாகக் கொள்வது) ஆகிய இரண்டில் எதை எப்போது கையாள வேண்டும் என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (கல்லூரி ஆசிரியர்)

நீங்கள் எழுதிய வரி தவறன்று, முடிவு பெறாத வரி. ஆக்சிஜன் அணு ஓர் இடைநிலைப்பொருள், அதாவது ஒரு படியில் உண்டாகி அடுத்த படியில் அழிவது. அதன் செறிவு மிகமிகச் சிறியது, நாம் குடுவையில் எடுத்து வைக்கும் அளவும் அன்று. அதை அளக்கக்கூடிய செறிவுகளால் எழுதிய பிறகே வேக விதி முழுமையடையும். நீங்கள் குறிப்பிடும் இரண்டு முறைகளும் அந்த ஒரே வேலைக்கானவை. அவற்றுள் நிலைத்த நிலையே பொதுவானது என்பதால் எப்போதும் அதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அணு உண்டாகும் வேகமும் அழியும் வேகமும் சமம் என்று கொண்டால்,

மா₁ [ஓசோன்] = மா₋₁ [ஆக்சிஜன்] [அணு] + மா₂ [ஓசோன்] [அணு]

இதிலிருந்து [அணு]வைப் பிரித்தெடுத்து இரண்டாம் படியின் வேகத்தில் இட்டால்,

வேகம் = மா₁ மா₂ [ஓசோன்]² / (மா₋₁ [ஆக்சிஜன்] + மா₂ [ஓசோன்])

இங்கே வேகம் என்பது ஓசோன் குறையும் வீதத்தில் பாதி. முதற்படியில் ஒன்றும் இரண்டாம் படியில் ஒன்றுமாக இரண்டு ஓசோன் மூலக்கூறுகள் செலவாவதால், ஓசோன் குறையும் வீதத்தையே கேட்டால் 2ஆல் பெருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கான விடை பகுதியிலுள்ள இரண்டு உறுப்புகளில் இருக்கிறது. பிறக்கும் ஒவ்வோர் ஆக்சிஜன் அணுவும் ஒரு முச்சந்தியில் நிற்கிறது: ஆக்சிஜன் மூலக்கூறைச் சந்தித்தால் மீண்டும் ஓசோனாகத் திரும்பிவிடும், ஓசோனைச் சந்தித்தால் விளைபொருளாகிவிடும். ஆக்சிஜன் கூடக்கூடத் திரும்பிப் போகும் அணுக்களின் பங்கு கூடுகிறது, வினை தளர்கிறது. ஆக்சிஜன் மிகுதியாக இருந்து மா₋₁ [ஆக்சிஜன்] என்னும் உறுப்பு மற்றதைவிட மிகப் பெரிதாகும்போது மற்றதை விட்டுவிடலாம். அப்போது கிடைப்பதே உங்கள் பாட விடை, அதாவது முன்சமநிலை முறையின் விடை. அதில் மா = மா₁ மா₂ / மா₋₁.

அந்த விடையைத் தூய ஓசோனில் வினை தொடங்கும் கணத்துக்குப் பொருத்திப் பாருங்கள். [ஆக்சிஜன்] பூச்சியமாக இருப்பதால் வேகம் முடிவிலி என்று வரும். அது நடக்க இயலாதது. முழுச் சமன்பாடு அதே கணத்தில் மா₁ [ஓசோன்] என்ற முதல் வகை வேகத்தை, அதாவது ஓசோன் செறிவின் முதல் அடுக்கை மட்டும் சார்ந்த வேகத்தை, தருகிறது. பிறந்த அணு திரும்பிச் செல்ல வழியில்லாதபோது முதற்படியே வேகத்தைத் தீர்மானிக்கிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் இரண்டாம் படியை 'மெதுவான படி' என்று சொல்வது மா₂ சிறியது என்பதாலா? மேலும், சில நூல்களில் முதற்படியின் இருபுறமும் மூன்றாம் துகள் ஒன்று சேர்த்து எழுதப்பட்டிருக்கிறதே, அது ஏன் நம் விதியில் இல்லை?

மறுமொழி 2 (ஆய்வு மாணவர்)

மா₂ சிறியது அன்று. ஓசோனிலிருந்து ஓர் அணுவைப் பிரிக்க மோலுக்கு ஏறத்தாழ 106 கிலோஜூல் தேவைப்படுவதால் உண்மையில் அரிதாக நிகழ்வது முதற்படியின் முன்னோக்கு வினைதான். இரண்டாம் படியின் கிளர்வு ஆற்றலோ (வினை நிகழத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) ஏறத்தாழ 17 கிலோஜூல் மட்டுமே. 'மெதுவான' என்ற சொல் இங்கே அணுவின் இரண்டு வழிகளை மட்டும் ஒப்பிடுகிறது: ஓசோனுடன் வினைபுரிவது, ஆக்சிஜனுடன் திரும்பச் சேர்வதைவிட மெதுவானது.

மூன்றாம் துகளைப் பொறுத்தவரை, அணுவும் ஆக்சிஜனும் இணையும்போது வெளிப்படும் ஆற்றலை வேறொரு மூலக்கூறு வாங்கிக்கொள்ளாவிட்டால் புதிய ஓசோன் உடனே உடைந்துவிடும். எனவே மா₁, மா₋₁ ஆகிய இரண்டுக்குள்ளும் மூன்றாம் துகளின் செறிவு அடங்கியிருக்கிறது. முன்சமநிலை விதியில் மா₁ / மா₋₁ என்ற விகிதமே வருவதால் அது அடிபட்டுப் போகிறது. தூய ஓசோனின் தொடக்க வேகத்தில் அடிபடுவதில்லை, ஆகவே அங்கே மொத்த அழுத்தமும் வேகத்தை மாற்றும். மூன்றாம் துகளின் செறிவையும் மா₋₁க்குள் சேர்த்துக் கணக்கிட்டால், 25 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் மா₋₁, மா₂வைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்குதான். முன்சமநிலை பொருந்துவது மாறிலிகளின் இயல்பால் அன்று, ஆக்சிஜனின் மிகுதியால் என்பது இதிலிருந்து தெளிவாகும். நூற்றுக்கு ஒரு பங்கு ஓசோனும் எஞ்சியது ஆக்சிஜனுமாக உள்ள கலவையில், ஆக்சிஜனிடம் திரும்பும் வேகம் மற்றதைப் போல் நூறு மடங்குக்கும் மேல் இருக்கும்.

முன்சமநிலை விதியின் தோற்றக் கிளர்வு ஆற்றலையும் (முழு வினைக்கும் சேர்த்துத் தோன்றும் கிளர்வு ஆற்றல்) இதே வழியில் பெறலாம்: முதற்படியின் முன்னோக்கு, பின்னோக்கு ஆற்றல்களின் வேறுபாட்டுடன் 17ஐக் கூட்டினால் 120 கிலோஜூலைச் சற்றே தாண்டும். நைட்ரிக் ஆக்சைடும் ஆக்சிஜனும் சேரும் வினையில் முன்சமநிலை வெப்பம் உமிழ்வதாக இருப்பதால் இக்கூட்டல் எதிர்க்குறியில் முடிகிறது. வெப்பநிலை உயர அந்த வினை மெதுவாகிறது. நைட்ரிக் அமிலத் தொழிற்சாலைகளில் வாயுவைக் குளிர்வித்து ஆக்சிஜனேற்றம் செய்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மறுமொழி 3 (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வழிமுறையிலிருந்து வந்த விதி சோதனையோடு பொருந்தினால் வழிமுறை மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று கொள்ளக்கூடாது. ஹைட்ரஜனும் அயோடினும் சேரும் வினையின் வேகம் [ஹைட்ரஜன்] [அயோடின்] என்ற பெருக்கத்தைச் சார்ந்தது. இரண்டு மூலக்கூறுகள் நேரடியாக மோதினாலும் இதே விதி வரும். அயோடின் முதலில் இரண்டு அணுக்களாகப் பிரிந்து, அவ்விரண்டும் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறோடு வினைபுரிந்தாலும் முன்சமநிலை முறைப்படி இதே விதிதான் வரும். 1967இல் சல்லிவன் ஒளியால் அயோடின் அணுக்களை உண்டாக்கிச் செய்த சோதனைகளுக்குப் பிறகே நேரடி மோதல் என்ற விளக்கம் ஆட்டம் கண்டது.

பகுதியில் விளைபொருள் வருவதற்கு இன்னொரு சிறந்த எடுத்துக்காட்டு ஹைட்ரஜன்–புரோமின் வினை. போடன்ஸ்டைனும் லிண்டும் 1907இல் சோதனையால் கண்ட விதி இது:

வேகம் = மா [ஹைட்ரஜன்] [புரோமின்]^½ / (1 + மா′ [ஹைட்ரஜன் புரோமைடு] / [புரோமின்])

கிறிஸ்டியான்சன், ஹெர்ஸ்ஃபெல்ட், போலானி ஆகிய மூவரும் 1919–20 காலத்தில் தனித்தனியே இதற்குச் சங்கிலி வினை (ஒரு படியில் உண்டாகும் அணு அடுத்த படியை நடத்தி, மீண்டும் ஓர் அணுவை உண்டாக்கும் வினை) விளக்கம் தந்தனர். அரை அடுக்கு, புரோமின் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரியும் சமநிலையிலிருந்து வருகிறது. பகுதியிலுள்ள விகிதம், ஹைட்ரஜன் அணுவுக்காகப் புரோமினும் ஹைட்ரஜன் புரோமைடும் போட்டியிடுவதைக் காட்டுகிறது. மா′ என்பது அவ்விரு படிகளின் மாறிலிகளின் விகிதம். அதன் மதிப்பு ஏறத்தாழ 0.1, வெப்பநிலையோடு அது பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அவ்விரு படிகளின் கிளர்வு ஆற்றல்களும் ஏறத்தாழச் சமம் என்பதை, ஹைட்ரஜன் அணுவை ஒருமுறைகூட அளக்காமல், வேக விதியிலிருந்தே அறிய முடிகிறது.