தகர வீட்டில கைப்பிள்ளை, வெக்கைக்கு என்ன வழி?

அக்காமார், அண்ணாமார், ஒரு உதவி. நாங்கள் கிளிநொச்சியில, தருமபுரம் பக்கம். தகரக் கூரை வீடு. தங்கச்சியின்ர பிள்ளைக்கு இரண்டு மாதம். மத்தியானத்தில கச்சான் காத்தும் சேர்ந்தால் உள்ளுக்க இருக்கேலாது; பிள்ளையின்ர கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு.

பச்சைப்பிள்ளையளுக்குப் பெரியாக்கள் மாதிரி வேர்த்து உடம்பு ஆறாது, கெதியா நீர் வத்திப்போகும். 6 மாதம் மட்டும் தண்ணி வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி குடுங்கோ எண்டு மிட்வைவ் சொன்னவ. அம்மம்மா மல்லித்தண்ணி எண்டு நிக்கிறா, அது வேற சண்டை. காய்ச்சல் 38 பாகை வந்தாலோ, மூத்திரம் குறைஞ்சாலோ உடன ஆஸ்பத்திரி, அது தெரியும்.

கேக்கிறது கூரையைப் பற்றி. தகரத்துக்கு மேல கிடுகு போட்ட ஆக்கள் இருக்கிறியளே? வெக்கை உண்மையில குறைஞ்சதோ, இல்லாட்டி வெள்ளைப் பெயின்ற் அடிக்கிறது நல்லதோ? கிடுகு இப்ப எங்க வாங்கலாம், என்ன விலை போகுது? ஏணை கட்டுற அறைக்கு மட்டும் போட்டாலும் காணும்.